மெஷின் சோதனை, அவசரமில்லை

பியூலா கேபிளைப் பிடுங்கினாள்.

நீலக் கேபிள். சுவரிலிருந்த பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்து கையோடு வந்தது. திரையில் வளர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு முக்கால் தூரத்தில் நின்றது, யோசித்தது, சிவப்பாயிற்று. 'புதிய பதிப்பை ஏற்ற முடியவில்லை. வருந்துகிறோம்' என்றது கணினி. அந்த 'வருந்துகிறோம்' பியூலா எழுதியது.

"மதினி, என்ன பண்ணுதீய?"

வாசலில் இசக்கிராஜன். அந்த மருத்துவமனையின் கணினிகள் எல்லாம் அவன் பொறுப்பு. ஒரு கையில் டீ. மறு கையில் தாளில் சுற்றிய உளுந்தவடை. தாளில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

"புதுசு ஞாயித்துக்கெழமைதான போடணும்? இன்னைக்கு எதுக்குப் போடுத?"

"வேலை இல்லாம இருந்துச்சு. போட்டுருவோமேன்னு."

"நீ வேலை இல்லாம இருந்தா தூங்குவ, இசக்கி. புதுசு ஏறுச்சுன்னா பழைய பேரெல்லாம் அழிஞ்சிரும். தெரியும்ல?"

"தெரியும்."

"மூணு மணிக்கு விசாரணை. அதுவும் தெரியும்ல?"

இசக்கி வடையைப் பார்த்தான். 

"தெரியும் மதினி," என்றான்.

வெளியே பாளையங்கோட்டை முழுக்க நவம்பர் மழை. பியூலாவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

படங்களுக்கும் பதிவுகளுக்கும் மனிதர்களே பெயர் வைத்த காலம் ஒன்று இருந்தது. 'புதியது', 'புதியது 2', 'கடைசி', 'நிஜமாகவே கடைசி'. தேடினால் கிடைக்காது. கிடைத்தால் அது வேறாக இருக்கும். அந்தத் தொல்லையை ஒழிக்க வந்ததுதான் பெயரி. கோப்புக்குள் இருப்பதைப் பார்க்கும். அந்த நேரத்தில் அந்த அறையில் பேசிய பேச்சைக் கேட்கும். யார், யாருக்காக, எதற்காக என்று கூட்டிக் கழித்துத் தானே ஒரு பெயர் வைத்துவிடும். 'சித்தப்பா கோபித்துக்கொண்டு போவதற்கு முன் எடுத்த குடும்பப் படம்' என்று கல்யாணப் படத்துக்குப் பெயர் வைத்து ஊரைச் சிரிக்க வைத்தது ஆரம்பத்தில். பிறகு வங்கிக்குப் போனது. நீதிமன்றத்துக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு வந்தது.

'திறக்காமலே தெரிய வேண்டும்.' பெயரியைச் செய்த நிறுவனத்தில்தான் பியூலாவுக்கு வேலை; இது அவள் ஒரு கூட்டத்தில் சொன்ன வாக்கியம். நிறுவனம் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியது. அவளுக்கு விருது கொடுத்தார்கள். பெயர்கள் அவ்வளவு சரியாக இருந்ததால் ஜனங்கள் மெல்ல மெல்லக் கோப்புகளைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். அதற்கு யாரும் விருது கொடுக்கவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை.

கதவு தட்டப்பட்டது.

"உள்ள வாங்க," என்றாள் பியூலா, தன் அறை மாதிரி.

உள்ளே வந்தவர் டாக்டர் தாஹிரா. ஸ்கேன் படங்களைப் படித்து நோய் சொல்கிறவர். பிற்பகல் மூன்று மணி விசாரணை அவர் மேல்தான். புகார் கொடுத்தவள் பியூலா.

"வரச் சொன்னீங்களாம். என்ன, மிச்சம் ஏதாவது திட்ட வேண்டியிருக்கா?"

"உக்காருங்க டாக்டர்."

"நிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் அடக்கத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதீங்க. அடுத்த மாசம் அதே கையால புகார் எழுதுனீங்க. உக்காந்தா இன்னும் என்ன எழுதுவீங்களோ."

இசக்கி டீயை மேசையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டினான்.

பியூலாவின் கணவன் ஜெபசிங் இதே மருத்துவமனையில் ஸ்கேன் அறை ஊழியன்; இசக்கிக்கு அவன் 'அண்ணாச்சி'. செப்டம்பரில் இறந்துபோனான். கணையத்தில் கட்டி. மதுரையில் கண்டுபிடித்தபோது ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. அடக்கமெல்லாம் முடிந்து அவன் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பியூலாவுக்கு ஒரு படம் கிடைத்தது. மார்ச்சில் எடுத்த எம்.ஆர்.ஐ.

அந்த அறையில் ஒரு பழக்கம். புது மெஷின் வந்து இறங்கினால் முதல் நோயாளியைப் படுக்க வைக்கும் முன் ஊழியர் ஒருவர் படுத்து எழுந்திருப்பார். கதிர்வீச்சு இல்லாத மெஷின், பயமில்லை. மார்ச்சில் புதிது வந்தபோது, "நான் படுக்கேன், எனக்கும் கொஞ்சம் தூக்கம் வேணும்" என்று சொல்லி ஜெபசிங் படுத்தான். எடுத்த படம் வழக்கம்போல தாஹிராவின் திரைக்குப் போனது. தாஹிரா திறக்கவில்லை.

மதுரை டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார். "அப்பவே தெரியுதேம்மா. சின்னதா இருந்திருக்கு. வெட்டி எடுத்திருக்கலாம்," என்றார். அன்று மாலை பியூலா புகார் எழுதினாள்.

புகாருக்கு தாஹிரா கொடுத்த பதில் நாலே வரி. கோப்பின் பெயர் 'மெஷின் சோதனை, அவசரமில்லை' என்று இருந்தது. பெயரி பொய் சொல்லாது என்று நம்பினேன். திறக்கவில்லை. அது என் தவறு.

அதைப் படித்ததிலிருந்து பியூலாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"டாக்டர், பெயரி அப்படிப் பேர் வைக்காது," என்றாள் இப்போது. "கட்டி இருக்கற படத்துக்கு 'அவசரமில்லை'ன்னு அதுக்குச் சொல்லவே தெரியாது. ஒரே ஒரு வழி இருக்கு. அந்த வழியைப் போட்டது நான்தான்."

"என்ன வழி?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியில, வராந்தாவுல இருந்த திரையில தன் புருஷன் பேரும் பக்கத்துல புற்றுன்னும் பாத்துட்டு ஒரு அம்மா அங்கயே விழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் மென்மைன்னு ஒண்ணு எழுதுனேன். வெளியாள் பாக்கற இடத்துல கடுமையான வார்த்தை வராது. 'மறுபடி பார்க்க வேண்டிய படம்'னு வரும். டாக்டர் திரையில உள்ளது உள்ளபடி இருக்கணும். அப்படித்தான் எழுதுனேன்."

"ஆனா?"

"ஆனா அந்த மென்மை உங்க திரைக்குள்ளயும் கசிஞ்சிருந்தா?"

தாஹிரா இப்போது உட்கார்ந்தார்.

"அப்படின்னா உங்க வீட்டுக்காரரை..."

"நான்தான்," என்றாள் பியூலா. "அதைப் பாக்கத்தான் வந்தேன். அப்படி இருந்தா மூணு மணிக்கு உங்க நாற்காலியில நான் உக்காருவேன்."



"உங்க மேல கோபப்படணும்னுதான் வந்தேன்," என்றார் தாஹிரா. "பெயரி வர்றதுக்கு முன்னால நான் வீட்டுக்குப் போறப்ப என் பிள்ளைங்க தூங்கியிருக்கும். வந்தப்புறம்தான் அதுங்க முழிச்சிருக்கிறதைப் பார்த்தேன். அவசரம்னு பேர் இருக்கிறதைத் தொறப்பேன். இல்லாததை அப்புறம் பாக்கலாம்னு விடுவேன். அப்புறம்னு ஒரு நேரம் வரவே வராது. அந்தக் கோப்பு மேல என் விரல் ஒரு தட்டுத் தட்டியிருந்தா போதும். ஜெபசிங் தினம் 'குட்மார்னிங் டாக்டரம்மா, இன்னைக்கு யாரு குடல்?'னு கேப்பாரு. அவரு குடலை நான் பாக்கல."

பியூலா விசைப்பலகையை இழுத்தாள். "இசக்கி, பாஸ்வேர்டு."

"மறந்துபோச்சு மதினி."

"உன் பைக் நம்பர்தான?"

"அது எப்பிடி உங்களுக்கு..."

"ஊருக்கே தெரியும்."

உள்ளே நுழைந்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் அடியில் அதன் பழைய பெயர்களைப் பெயரி சேர்த்து வைத்திருக்கும். புதிய பதிப்பு ஏறினால் அவை போய்விடும். இடத்தை அடைக்கின்றன என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது.

போன் அதிர்ந்தது. தங்கை.

"அக்கா, எஸ்தர் பாட்டிலைத் தட்டி விடுறா. எப்ப வருவ?"

"வந்துர்றேன். கொஞ்சம் தூக்கிட்டு நட."

குழந்தையின் அழுகை போனில் கேட்டதும் பியூலாவின் மார்பு கனத்து, ரவிக்கை நனைந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். தாஹிரா எழுந்து போய், இசக்கியை வேறு பக்கம் திரும்பி நிற்கும்படி தலையசைத்தார்.

எஸ்தர் இரண்டு முறை கரு கைநழுவிய பிறகு வந்தவள். இரண்டாவது முறை நழுவியது, பியூலாவின் அப்பா இறந்த செய்தி போனில் வந்த அன்று. போனைக் கீழே வைக்கும் முன்பே வலி எடுத்தது. அதிலிருந்து எஸ்தர் பிறக்கிற வரை, வீட்டில் எந்தப் போன் அடித்தாலும் ஜெபசிங்தான் எடுப்பான். குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்போடு ஓடி வருவான். "எனக்கு யாரும் பேச மாட்டாங்களா?" என்று அவள் கேட்டால், "நல்ல சேதி வந்தா தாரேன்" என்பான்.

திரையில் மார்ச் மாதம் வந்தது. புது மெஷினின் முதல் படம். பியூலா அதன் பழைய பெயர்களைத் திறந்தாள். முதல் பெயர், படம் எடுத்து முடிந்த அதே நிமிடத்தில் பெயரி வைத்தது:

'ஜெபசிங். கணையத்தில் கட்டி. டாக்டர் இன்றே பார்க்கவும்.'

தாஹிரா வாய்க்குள் ஏதோ ஓதினார்.

"சொல்லியிருக்கு," என்றாள் பியூலா.  "டாக்டர், அது சரியாத்தான் சொல்லியிருக்கு."

"அப்ப மென்மை?"

பியூலா விரலால் வரி வரியாகத் தடவிக் கீழே போனாள். மென்மை அந்தக் கோப்பைத் தொடவேயில்லை. கசிவு இல்லை. அடுத்த வரி: 'மனிதர் மாற்றியது.'

அவள் கண்ணை மூடினாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோளிலிருந்து மூட்டை இறங்கியது. நான் இல்லை. என் எழுத்து அவனைக் கொல்லவில்லை. அடுத்த கணம் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. அப்படியானால் யாரோ. பெயரைப் படித்துவிட்டு, கட்டி என்று தெரிந்தே, அதை அழித்துவிட்டு 'அவசரமில்லை' என்று எழுதிய யாரோ.

திரும்பி இசக்கியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எதுக்குப் புதுசு போட்ட?"

"கேபிளை மாட்டிரட்டா மதினி?"

"யாரைக் காப்பாத்துத நீ?"

"மதினி, நான் சொல்லுததைக் கேளுங்க. டாக்டரம்மா மேல தப்பில்லன்னு இதுவே போதும்லா? இதோட நிறுத்திருங்க. கீழ போகாதீய."

"கீழ என்ன இருக்கு?" என்று கேட்டார் தாஹிரா.

பியூலா பதில் சொன்னாள், கண்ணை இசக்கியிடமிருந்து எடுக்காமல். "யாராவது பேரை மாத்துனா பெயரி ஒரு கேள்வி கேக்கும். 'ஏன் மாற்றுகிறீர்கள்?' ஒரு சின்னப் பெட்டி வரும். அதுல காரணம் எழுதணும். எங்க ஆளுங்க எல்லாரும் அதை எடுத்துரலாம்னாங்க. ஜனங்க 'சும்மா'ன்னு எழுதுவாங்க. 'ம்'னு எழுதுவாங்க. 'உன் சோலியப் பாரு'ன்னு ஒருத்தர் எழுதுனாரு. நான்தான் பிடிவாதமா வச்சேன். பேர் வைக்கிற பெயரிக்குக் காரணமும் தெரியணும்னு. எழுதி முடிச்சா 'சரி, புரிந்தது'ன்னு பதில் வரும். அதுவும் நான் எழுதுனதுதான்."

"புரிஞ்சு என்ன செய்யும்?"

"கத்துக்கும். அதே மாதிரி காரணம் வேற ஒருத்தருக்கு இருந்தா, அடுத்த தடவை யாரும் சொல்லாமலே..."

பாதியில் நிறுத்தினாள். தாஹிரா பாதியில் நிறுத்தவில்லை.

"தானாவே மாத்துமா?"

பியூலாவின் விரல்கள் ஓடின. ஜெபசிங் கோப்பின் காரணத்தைத் திறக்காமலே, அந்தக் காரணத்திலிருந்து பெயரி கற்றுக்கொண்டு பெயர் மாற்றியவை வேறு உண்டா என்று தேடினாள். பின்னால் இசக்கியும் வந்து நின்றான். இது அவனுக்கும் புதிது.

ஒன்று இருந்தது. போன வாரத்துப் படம்.

'பரமசிவம். முதுகுவலிப் படம், அவசரமில்லை.' அதன் பழைய பெயர்: 'பரமசிவம். முதுகெலும்பில் கட்டி. உடனே.'

காரணம் என்ற இடத்தில் பெயரி தானே எழுதியிருந்தது. அந்த ஆள் ஸ்கேன் அறையில் படுக்கும்போது பேசியதைக் கேட்டு, மனித நடையில், பிழையில்லாமல்:

'தை மாதம் மகள் கல்யாணம். முடியட்டும்.'

 கருணை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரிடமோ பார்த்துப் படித்துக்கொண்டு, அந்த இயந்திரம் ஒரு மனிதனைக் கொல்லப் புறப்பட்டிருந்தது.

தாஹிரா குனிந்து அந்தக் கோப்பைத் திறந்தார். முதுகெலும்பு கறுப்பு வெள்ளையில் விரிந்தது. கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"வாழைக்காய் மண்டி வச்சிருக்கிற பரமசிவம். எனக்குத் தெரியும் இவரை. போகும்போது ஒரு சீப்பு குடுத்துட்டுப் போனாரு." குரல் மாறிவிட்டது, டாக்டர் குரல். "இன்னும் கால் நடக்குது இவருக்கு. இன்னைக்கே சேத்தா நடந்துக்கிட்டே இருப்பாரு. கல்யாணத்துல நடப்பாரு. இசக்கி, நம்பர் எடு."

"இங்க இருக்கு மேடம்."

தாஹிரா போனோடு வராந்தாவுக்குப் போனார். "அண்ணாச்சி, நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் பேசுறேன். ஒண்ணும் பயப்பட வேண்டாம். இல்ல, பொய் சொல்லல. பயப்படணும். ஆனா வண்டியைப் பிடிச்சு இப்பவே வாங்க," என்று அவர் சொல்வது கேட்டது.

பியூலா மறுபடி மார்ச்சுக்குப் போனாள்.

"மதினி."

"சொல்லு."

"விசாரணைக்குக் கோப்பு எடுத்து வைக்கச் சொன்னாவ. நேத்துதான் நானும் பாத்தேன். பாத்ததும் அழிச்சிரணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் தோணல."

"டாக்டரை நெனச்சுப் பாத்தியா? அவங்க வேலை போகும்."

"நெனச்சேன். அவங்களுக்கு வேற ஆஸ்பத்திரி கெடைக்கும் மதினி. உங்களுக்கு வேற அண்ணாச்சி கெடைக்க மாட்டாவ."

பியூலா அந்த வரிக்கு வந்தாள்.

'மாற்றியவர்: ஜெபசிங், ஸ்கேன் பிரிவு.'

திரையை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுத்துகள் மாறவில்லை. மெஷினிலிருந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துத் திரையின் முன் உட்கார்ந்திருப்பான். அவன் பெயரும் கட்டியும் ஒரே வரியில். அவன் கையாலேயே அழித்திருக்கிறான். அன்று மாலை வீட்டுக்கு வந்திருக்கிறான். அல்வா வாங்கி வந்தானா? மார்ச்சில் ஒருநாள் காரணமில்லாமல் அல்வா வாங்கி வந்தான்.

"தெரிஞ்சிருக்கு," என்றாள். "எல்லாம் தெரிஞ்சேதான் இருந்திருக்கான். ஜூன்ல வயித்து வலின்னு புதுசா சொல்ற மாதிரி சொன்னான் இசக்கி. மதுரையில டாக்டர் சொன்னப்ப, என்னைத் தேத்துனான். எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி அவ்வளவு அமைதியா..."



"அண்ணாச்சி பேரு கெட்டுரும் மதினி. பேப்பர்ல வரும். தானே மறைச்சான், அந்த மண்டிக்காரரையும் கொல்லப் பாத்தான்னு எழுதுவாங்க. இப்பவும் ஒண்ணும் ஆகல. கேபிளை மாட்டுனா முடிஞ்சிது. மண்டிக்காரரைக் காப்பாத்தியாச்சு. டாக்டருக்கு நான் வேற ஏதாவது சொல்லுதேன்."

நீலக் கேபிள் அவள் மடியில் கிடந்தது. அவன் கை நீட்டினான். அவள் கேபிளைச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இதை இப்படியே மூணு மணிக்குத் திரையில போடணும். ஒரு எழுத்து மாத்தாம. மாட்டேன்னு சொல்லாத. இனிமே யாரும் எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்."

இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆறிப்போன டீயை எடுத்தான், வைத்தான்.

"அப்ப அந்தப் பெட்டியையும் தொறந்துருங்க மதினி. அங்க எல்லார் முன்னாடியும் படிக்க வேண்டாம். இங்கயே படிச்சிருங்க."

வராந்தாவில் தாஹிரா யாருக்கோ படுக்கை ஒன்று ஒதுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பியூலாவின் போன் மறுபடி அதிர்ந்தது. தங்கைதான். எஸ்தர் இன்னும் தூங்கியிருக்க மாட்டாள்.

பியூலா பெட்டியைத் திறந்தாள்.

'ஏன் மாற்றுகிறீர்கள்?'

அதன் கீழே அவன் எழுத்து. அவசரத்தில் அடித்தது.

'பியூலாவுக்கு ஏழாம் மாசம். பிள்ளை பிறக்கட்டும்.'

அதற்கும் கீழே, அவள் எழுதி வைத்திருந்த பதில்.

'சரி, புரிந்தது.'